பியானோ கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கும்போது: எந்த நிகழ்ச்சி, எந்த இருக்கை, எப்போது, யாரிடம்?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். மேற்கத்திய செவ்வியல் பியானோவை இதுவரை பதிவுகளில் மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த கலைஞர் அடுத்த கச்சேரிப் பருவத்தில் ஒரே அரங்கத்தில் இரண்டு நாள் வாசிக்கிறார். ஒரு நாள் தனிக் கச்சேரி, இன்னொரு நாள் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவோடு ஒரு கான்செர்டோ, அதாவது தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்க எழுதிய படைப்பு. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் வரும். எதை எடுப்பது, எங்கே உட்காருவது, எப்போது, யாரிடம் வாங்குவது, விலை கூடிய இடத்தில் உட்கார்ந்தால்தான் நன்றாகக் கேட்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனிக் கச்சேரிக்குப் போங்கள். முதல் மாடத்தின் (பால்கனியின்) முன்வரிசைகளில், நடுப்பகுதியில் ஓர் இடம் எடுங்கள்; அது கிடைக்காவிட்டால் கீழ்த்தளத்தில் மேடைக்குச் சற்றுத் தள்ளி, மாடத்தின் கூரை தலைக்கு மேல் வராத ஏதாவது ஒரு வரிசை. அரங்கத்தின் சொந்த இணையதளத்தில், பொது விற்பனை தொடங்கும் நாளிலேயே எடுங்கள். இருப்பதிலேயே விலை உயர்ந்த இருக்கை தேவையில்லை. பியானோவைப் பொறுத்தவரை பல அரங்கங்களில் அது சிறந்த இருக்கையும் இல்லை. இனி காரணங்களைச் சொல்கிறேன். அவை தெரிந்துவிட்டால் வேறு அரங்கம், வேறு கலைஞர் என்று வரும்போது யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில், தனிக் கச்சேரியா கான்செர்டோவா என்பது. ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சியின் விளம்பரத்தில் பியானோ கலைஞரின் படம்தான் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த மாலையில் அவர் மேடையில் இருக்கும் நேரம் குறைவு. வழக்கமான அமைப்பு இது: ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிட ஆர்கெஸ்ட்ரா உருப்படி ஒன்று, பிறகு கான்செர்டோ, இடைவேளை, அதன்பின் ஒரு சிம்பொனி, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்காகவே எழுதிய பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. மோட்சார்ட்டின் கான்செர்டோ ஒன்று பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ராவெலின் ஜி மேஜர் கான்செர்டோ இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ரசிகர்கள் விடாமல் கைதட்டினால் சின்னதாக ஒரு தனி உருப்படி வாசித்துவிட்டு உள்ளே போய்விடுவார். இரண்டாம் பாதியில் அவரைப் பார்க்க முடியாது. பியானோ கலைஞருக்காக மட்டும் டிக்கெட் எடுத்தவர்கள் இடைவேளையிலேயே கிளம்பிப்போவதைப் பல அரங்கங்களில் பார்க்கலாம்.

தனிக் கச்சேரியில் முழு மாலையும் அவருடையது. ஒரே ஆள், ஒரே வாத்தியம், துணைக்கு யாரும் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இந்த வடிவத்தை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநிறுத்தியவர் ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ கலைஞர். அதற்கு முன் பியானோ கலைஞர் நிகழ்ச்சி என்றால் பாடகர்கள், வயலின் கலைஞர்கள் எல்லோரும் நடுநடுவே வந்து போவார்கள். ஒரே மனிதர் இத்தனை நேரம் மேடையைத் தாங்கும்போதுதான் அவருடைய இசை மனம் நமக்குப் பிடிபடும். மெதுவான பகுதியில் எவ்வளவு தூரம் ஒலியைக் குறைக்கத் துணிகிறார், ஒரு உருப்படி முடிந்ததும் எவ்வளவு நேரம் கையை எடுக்காமல் இருக்கிறார் என்பவை கான்செர்டோவில் தெரியாது. அங்கே அறுபது எழுபது பேரைத் தாண்டி அவருடைய ஒலி வர வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. பிராம்ஸின் இரண்டாவது கான்செர்டோ நான்கு பகுதிகளோடு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் போகும். ரஹ்மானினோவின் மூன்றாவது நாற்பது நிமிடத்தைத் தொடும். இவற்றில் ஒன்று என்றால், அதுவும் சிம்பொனியும் உங்களுக்குப் பிடித்தது என்றால், கான்செர்டோவை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் முதல் அனுபவம் என்றால் என் ஓட்டு தனிக் கச்சேரிக்குத்தான்.

அடுத்தது, யார் வாசிக்கிறார் என்பதைப் பார்த்த கையோடு என்ன வாசிக்கிறார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலானோர் இதைப் பார்க்காமலே பணம் கட்டுகிறார்கள். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்று போட்டிருந்தால், 30 வேரியேஷன்களையும் (ஒரே அடிப்படையில் எழுந்த மாறுபாடுகள்) திரும்ப வாசிக்க வேண்டிய இடங்களோடு வாசிக்கும்போது 75 நிமிடத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலும் இடைவேளை கிடையாது. பேத்தோவனின் கடைசி மூன்று சொனாட்டாக்களை (தனிப் பியானோவுக்கு எழுதிய பெரிய படைப்புகள்) பலர் ஒரே மூச்சில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இடைவேளை இல்லாமல் வாசிப்பார்கள். லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா அரை மணி நேரம் எங்கும் நிற்காமல் ஓடும். ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா மட்டுமே நாற்பது நிமிடம். இவையெல்லாம் மிக உயர்ந்த படைப்புகள்தான். ஆனால் வேலை நாள் முடிந்து களைத்துப்போய் வந்து முதன்முதலில் கேட்பதற்குச் சில கடினமானவை. ஷோப்பான், ஷூமன், டெபுஸி என்று சிறிதும் பெரிதுமாகக் கலந்த நிகழ்ச்சி முதல் தடவைக்கு இதமாக இருக்கும். எதுவானாலும் டிக்கெட் எடுத்த பிறகு நிகழ்ச்சி நாள்வரை அந்த உருப்படிகளையே நாலைந்து தடவை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்ட பலன் அங்கே இரட்டிப்பாகும்.

சில கலைஞர்கள் என்ன வாசிக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை. ஆண்ட்ராஸ் ஷிஃப் சமீப ஆண்டுகளில் மேடைக்கு வந்து பேசி, அங்கேயே அறிவித்து வாசிக்கிறார். அறிவிப்பில் அவர் பெயரும் நேரமும் மட்டும் இருந்தால் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று தயங்க வேண்டாம். கிரிகோரி சோகோலோவ் இதற்கு நேர் எதிர். ஒரு பருவம் முழுக்க ஊர் ஊராக ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சியைத்தான் வாசிப்பார். அதனால் அவர் முந்தைய ஊரில் என்ன வாசித்தார் என்று பார்த்தாலே உங்கள் ஊரில் என்ன என்பது தெரிந்துவிடும். முடிவில் ஆறு கூடுதல் உருப்படிகள் வரை வாசிப்பார். அவர் கச்சேரிக்குப் போகிறவர் கடைசி ரயிலுக்கு அவசரப்படாத நாளாகப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது இருக்கை. டிக்கெட் தளத்தில் வண்ணவண்ணமாகக் காட்டப்படும் விலைப் படம் பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவையும், மேடைக்கு நெருக்கம் என்ற மதிப்பையும் வைத்துப் போடப்பட்டது. பியானோவுக்கு என்று தனியாக யாரும் அதைத் திருத்தி வரைவதில்லை. அதனால் வாத்தியத்தின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கச்சேரிப் பியானோ நீளமானது. ஸ்டைன்வேயின் டி மாடல் 274 சென்டிமீட்டர், எடை அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஃபாட்சியோலியின் பெரிய மாடல் 308 சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய பெட்டியை மேடையில் குறுக்குவாட்டில்தான் வைப்பார்கள். கலைஞர் நமக்கு இடது பக்கத்தில், வலக் கன்னம் நம் பக்கமாக இருக்கும்படி உட்காருவார். இப்படிப் பக்கவாட்டில் உட்காரும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் துஸ்ஸெக் என்ற செக் நாட்டுக் கலைஞர் என்று சொல்வார்கள். பியானோ மூடியின் கீல்கள் மேடையின் பின்பக்கம் பார்த்த நீளவாட்டுப் பக்கத்தில் இருக்கின்றன. திறந்து முட்டுக்கொடுத்தால் மூடியின் உட்புறம் சபையைப் பார்த்து நிற்கும். தந்திகளிலிருந்து மேலே எழும் ஒலி, சைக்கிள் விளக்குக்குள் இருக்கும் பளபளப்பான தகட்டில் பட்ட வெளிச்சம் போல, அந்த மூடியில் பட்டு நம் பக்கம் திரும்புகிறது.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

விரல்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் நடுவுக்கு இடது பக்கம். கட்டைகள் அங்கிருந்துதான் தெரியும். வலது பக்கம் உட்கார்ந்தால் கலைஞரின் முகமும் தோளும் தெரியும். கையை வாத்தியமே மறைத்துவிடும். ஆனால் மூடி ஒலியை அனுப்பும் திசை நடுவும் அதற்குச் சற்று வலதும்தான். அதனால் காதுக்கு வலது, கண்ணுக்கு இடது என்று ஒரு பேரம் இதில் இருக்கிறது. இது தெரிந்த ரசிகர்களிலும் பெரும்பாலோர் கையைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். எனவே இடது பக்கம் முதலில் தீரும். சில அரங்கங்கள் தனிக் கச்சேரிக்கு இடது பக்க இருக்கைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விலை வைக்கின்றன. நீங்கள் பியானோ கற்பவராக இருந்தால் இடது பக்கத்தைத் தயங்காமல் எடுங்கள். பெடலில் கால் எப்படி வேலை செய்கிறது என்பதும் சேர்ந்து தெரியும். வாசிக்கத் தெரியாத, இசைக்காக மட்டும் போகிறவர் என்றால் நடுவில் உட்காருங்கள். வலது பக்கம் மட்டும்தான் மிச்சம் என்றால் கவலைப்படாமல் வாங்கலாம். அங்கே நீங்கள் இழப்பது காட்சியை மட்டும்தான்.

முதல் மூன்று நான்கு வரிசைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேடை தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும் அரங்கங்களில் அங்கிருந்து பார்த்தால் பியானோவின் அடிப்பாகமும் கலைஞரின் காலணியும்தான் தெரியும். மூடியில் பட்டு வரும் ஒலி தலைக்கு மேல் போய்விடும். நேராக வந்து சேர்வது சுத்தியல் தந்தியில் அடிக்கும் சத்தமும் பெடல் ஏறி இறங்கும் சத்தமும். அருகிலிருந்து ஒரு மனிதர் உழைப்பதைக் காணும் சிலிர்ப்பு வேண்டும் என்பவர்கள் அங்கே உட்காரலாம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசைகளுக்குச் சில இடங்களில் மிக அதிக விலை, சில இடங்களில் தள்ளுபடி விலை. தள்ளுபடி என்றால் பரவாயில்லை.

கீழ்த்தளத்தின் பின்வரிசைகளில் வேறொரு சிக்கல். மேலே உள்ள மாடம் நீண்டு வந்து கூரைபோல மூடியிருக்கும். அரங்கத்தின் உயரத்தில் சுற்றிவரும் எதிரொலி அந்தக் குகைக்குள் நுழையாது. பியானோவின் ஒலி மெலிந்து, தூரத்தில் யாரோ வாசிப்பது மாதிரி கேட்கும். இருக்கைப் படத்தில் மாடம் எந்த வரிசையிலிருந்து மேலே வருகிறது என்பது சில நேரம் குறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால், அரங்கத்தின் உட்புறப் படங்களைப் பார்த்தாலே புரியும்.

அதே மாடத்தின் முன்வரிசை என்றால் கதை மாறுகிறது. முன்னால் தலைகள் இல்லை, திறந்த வெளி. ஒலி நேராகவும் கூரையில் பட்டும் நன்றாகக் கலந்து வரும். கட்டைகளை மேலிருந்து சாய்வாகப் பார்க்கலாம். இடது பக்க மாடத்தில் முன்வரிசை கிடைத்தால் பியானோ பிரியருக்கு அதைவிட நல்ல இடம் குறைவு. விலையும் நடுத்தரமாகவே இருக்கும். நான் ஒரு அரங்கத்தின் விலைப் படத்தைத் திறந்தால் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இன்னொன்று மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகள். பெர்லின் பில்ஹார்மோனி 1963இல் திறந்தபோது மேடையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிலும் சபையை மேடுமேடாக அமைத்தார்கள். அதன் பிறகு டோக்கியோவின் சன்டோரி ஹால், லாஸ் ஏஞ்சல்ஸின் வால்ட் டிஸ்னி கான்சர்ட் ஹால், ஹாம்பர்க்கின் எல்ப்பில்ஹார்மோனி என்று பலவும் அந்த வழியில் வந்தன. பழைய அரங்கங்களிலும் பாடகர் குழு உட்காரும் படிகளை டிக்கெட்டுக்கு விடுவது உண்டு. சிம்பொனிக்கு இந்த இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்; ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரின் முகம் பார்த்துக்கொண்டே கேட்கலாம், விலையும் குறைவு. பியானோ கான்செர்டோவுக்கு மட்டும் அங்கே போகாதீர்கள். மூடியின் முதுகுதான் உங்கள் பக்கம். எதிரே உள்ளவர்களுக்குத் தெளிவாகப் போகும் பியானோ உங்களுக்கு ஆர்கெஸ்ட்ராவின் பின்னால் முணுமுணுக்கும். தனிக் கச்சேரியில் வேறு வாத்தியம் இல்லாததால் இந்தக் குறை அவ்வளவு உறுத்தாது. பின்பக்கத்தில் கலைஞர் உட்காரும் பக்கமாக இடம் கிடைத்தால் அவருடைய இரு கைகளும் முழுதாகத் தெரியும். ஒலி கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் விலைக்கு அது நல்ல பேரம். மிகப் புகழ்பெற்றவர் தனியாக வாசிக்கும்போது மேடை மேலேயே நாற்காலி போட்டு விற்கும் அரங்கங்களும் உண்டு.

இருக்கையை விடவும் அரங்கத்தின் அளவு முக்கியம் என்பேன். லண்டனின் விக்மோர் ஹாலில் 552 இருக்கைகள். 1901இல் பெக்ஸ்டைன் பியானோ நிறுவனம் தன் வாத்தியங்களின் காட்சியகத்தை ஒட்டிக் கட்டிய அரங்கம் அது. பியானோவின் ஒலி அங்கே எந்த மூலையிலும் முழுதாகக் கேட்கும். நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பெரிய அரங்கம் சுமார் 2800 பேருக்கு. அதே கட்டடத்தில் இருக்கும் வைல் ரிசைட்டல் ஹாலில் 268 பேர்தான். ஒரே கலைஞர் ஒரு சுற்றுப்பயணத்தில் பெரிய அரங்கத்திலும் சின்ன அரங்கத்திலும் வாசிக்கிறார் என்றால் சின்னதைத் தேடிப் போங்கள். 500 பேர் அரங்கத்தின் மலிவான இருக்கை, 2500 பேர் அரங்கத்தின் விலை உயர்ந்த இருக்கையைவிடப் பியானோவுக்கு நல்லது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

எப்போது வாங்குவது என்பதற்கு வருவோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கச்சேரிப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். அடுத்த பருவத்தின் அறிவிப்பு அதற்கு முந்தைய குளிர்காலத்திலோ வசந்தத்திலோ வந்துவிடும். முதலில் சந்தாதாரர்களுக்கு விற்பார்கள். அதாவது ஐந்தோ ஏழோ கச்சேரிகளை ஒரு தொகுப்பாக எடுப்பவர்கள். அடுத்தது ஆண்டுக் கட்டணம் செலுத்திய உறுப்பினர்கள். மிச்சம் இருப்பதுதான் பொது விற்பனைக்கு வரும். பெரிய பெயர் என்றால் அந்த மிச்சமே மணிக்கணக்கில் தீர்ந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பருவத்தில் மூன்று நான்கு கச்சேரிக்காவது போகும் எண்ணம் இருந்தால் நீங்களே தேர்ந்தெடுக்கும் சந்தாவைப் பாருங்கள். பல அரங்கங்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைச் சொல்லி, எந்தக் கச்சேரி என்பதை உங்களிடமே விடுகின்றன. தள்ளுபடியும் கிடைக்கும், பொது விற்பனைக்கு முன்னாலேயே வாங்கவும் முடியும். ஒரே ஒரு கச்சேரிதான் இலக்கு என்றால் மிகக் குறைந்த கட்டண உறுப்பினர் ஆவது சில இடங்களில் கட்டுப்படியாகும். கள்ளச்சந்தைக்காரரிடம் கூடுதலாகக் கொடுப்பதற்குப் பதில் அந்தப் பணம் அரங்கத்துக்கே போகட்டும்.

விற்பனை நாளில் அரங்கத் தளத்தில் முன்பே கணக்குத் தொடங்கி, அட்டை விவரங்களைக் கையில் வைத்திருங்கள். இருக்கைப் படத்தை முந்தின நாளே பார்த்து, விருப்பத்தை வரிசையாக மூன்று இடங்களுக்கு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசித்தால் யாரோ ஒருவர் அந்த இடத்தை எடுத்துவிடுவார். தனியாகப் போகிறவருக்கு இதில் பெரிய சலுகை இருக்கிறது. மற்றவர்கள் இரண்டு இரண்டாக எடுத்ததில் நடுவே அனாதையாக நிற்கும் ஒற்றை இருக்கைகள் பல நேரம் அருமையான வரிசைகளில் இருக்கும். இரண்டு பேர் போவதாக இருந்தாலும் கச்சேரி நடக்கும்போது பேசப்போவதில்லையே, தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் என்ன?

வேறு வேலைகளில் மூழ்கி விற்பனை நாளைத் தவறவிட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாரிடம் வாங்குவது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். தேடுபொறியில் கலைஞர் பெயரையும் ஊரையும் தட்டினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அது மறுவிற்பனைத் தளமாக இருக்கலாம். பெயரும் வடிவமும் அதிகாரபூர்வத் தளம் போலவே இருக்கும். விலை பல மடங்கு. இன்னும் மோசமானது, கையில் இல்லாத டிக்கெட்டையே சிலர் விற்பார்கள், வாங்கித் தரலாம் என்ற நம்பிக்கையில். அரங்கத்தின் முகவரியை நேராகத் தட்டிப் போங்கள். அல்லது கலைஞரின் சொந்தத் தளத்தில் கச்சேரித் தேதிகள் பக்கத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பைச் சொடுக்குங்கள். சில நிகழ்ச்சிகளை அரங்கம் நடத்தாது. வெளி அமைப்பாளர் அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவார். அப்போது அரங்கத் தளமே அந்த அமைப்பாளரின் தளத்துக்கு உங்களை அனுப்பும். அந்த வழியாகப் போனால் பயமில்லை. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும், அதையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும். கவுண்ட்டரில் நேரில் வாங்கினால் சில இடங்களில் அந்தக் கட்டணம் இல்லை.

பியானோ கச்சேரி என்ற பெயரில் வரும் எல்லாமே நாம் பேசுகிற வகை இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரை இருட்டில் நடக்கும் நிகழ்ச்சிகள், சுற்றுலாப் பயணிகளுக்காகத் தேவாலயங்களில் நடத்தப்படும் ஒரு மணி நேர நிகழ்ச்சிகள், வியன்னா தெருக்களில் மோட்சார்ட் காலத்து உடையில் நின்று விற்கும் டிக்கெட்டுகள் எல்லாம் தனி ரகம். ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: வாசிப்பவரின் பெயர் போட்டிருக்கிறதா, முழுப் படைப்புகளா அல்லது பிரபலமான துண்டுகளா, ஒலிபெருக்கி உண்டா? பெயரே இல்லாமல் ‘அருமையான கலைஞர்கள்’ என்று மட்டும் இருந்தால் உங்கள் பணத்தை வேறு மாலைக்கு எடுத்துவையுங்கள். நல்ல அரங்கத்தில் பியானோவுக்கு மைக் வைப்பதில்லை. திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் மைக் இல்லாமல் முடியாது, அங்கே நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒலிபெருக்கியைத்தான்.

ரத்து பற்றிச் சொல்லியாக வேண்டும். பியானோ உலகில் கடைசி நேரத்தில் வராமல் போவதற்குப் பேர்போன மேதைகள் இருந்திருக்கிறார்கள். ஆர்துரோ பெனெடெட்டி மைக்கலாஞ்செலி ரத்து செய்வதற்கே புகழ் பெற்றவர். மார்த்தா ஆர்ஹெரிச்சும் நீண்ட காலமாக அந்தப் பெயரைச் சுமந்தவர். விரல், மணிக்கட்டு, காய்ச்சல் எதுவானாலும் ஈடுகட்ட அங்கே பக்கவாத்தியம் கிடையாது. ஒருவர் முடியவில்லை என்றால் கச்சேரியே இல்லை. டிக்கெட்டின் விதிமுறைகளில் ‘கலைஞரும் நிகழ்ச்சியும் மாறலாம்’ என்ற வரி அநேகமாக எங்கும் இருக்கும். அதன் அர்த்தம் இதுதான்: கச்சேரியே நடக்காவிட்டால் பணம் திரும்பும், வேறொருவர் வந்து வாசித்தால் பொதுவாகத் திரும்பாது. சில அரங்கங்கள் நல்லெண்ணத்தில் திருப்பித் தரும், ஆனால் அதை உரிமையாக எதிர்பார்க்க முடியாது. ஆகையால் வெளியூரிலிருந்து விமானத்தில் போய்க் கேட்பதாக இருந்தால் பயணச்சீட்டை மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற வகையில் எடுங்கள். அந்த ஊரில் பார்க்க வேறு ஏதாவது இருக்கும் நாளாகவும் பாருங்கள். மாற்றாக வந்தவரை மட்டும் அலட்சியப்படுத்தி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பெரிய பெயருக்குப் பதிலாக இரண்டு நாள் அவகாசத்தில் மேடை ஏறிய இளைஞர்கள் பலருடைய வாழ்க்கை அந்த ஒரு மாலையில் திரும்பியிருக்கிறது.

பணம் குறைவு என்பதுதான் உண்மையான தடை என்றால், பெரிய பெயரை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு இளம் கலைஞர்களைத் தேடுங்கள் என்பேன். வார்சாவில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஷோப்பான் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதே போட்டியின் முதல் சுற்றுக் காலை அமர்வுகளுக்கு அவ்வளவு நெருக்கடி இருக்காது. ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் பலரைக் கேட்கலாம். ஒரே படைப்பை மூன்று பேர் மூன்று விதமாக வாசிப்பதைக் கேட்பதுபோல் காதைத் தீட்டும் பயிற்சி வேறு இல்லை. லீட்ஸ் போட்டி, ஃபோர்ட் வொர்த்தில் நடக்கும் வான் கிளைபர்ன் போட்டி எல்லாவற்றிலும் இதே நிலைதான். போட்டியில் பரிசு பெற்றவர்களில் பலர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் சின்ன அரங்கங்களிலும் வாசிப்பார்கள். அப்போது கேட்டுவிட வேண்டும், பிறகு விலை எட்டாது. மதிய உணவு நேரக் கச்சேரிகளையும் இசைக் கல்லூரி மாணவர்களின் இறுதித் தேர்வுக் கச்சேரிகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இவற்றில் பல இலவசம், வாத்தியமும் அரங்கமும் பெரும்பாலும் முதல் தரம்.

மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தனி விலை பல பெரிய அரங்கங்களில் உண்டு. அது இணையதளத்தின் முதல் பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்காது. தேடிப் பிடிக்க வேண்டும், சில இடங்களில் முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

டிக்கெட் கையில் வந்த பிறகு ஒரே ஒரு கவனம், நேரம். கச்சேரி தொடங்கிவிட்டால் ஒரு முழுப் படைப்பு முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். சொனாட்டாவின் பகுதிகளுக்கு இடையில் கதவு திறக்காது. இடைவேளை இல்லாத கோல்ட்பெர்க் போன்ற நிகழ்ச்சிக்குத் தாமதமாகப் போனால் வெளியே திரையில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டிக்கெட்டின் கியூஆர் குறியீடு சில அரங்கங்களில் நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முன்புதான் செயலியில் தோன்றும். அதைக் கதவருகில் நின்று தேடாமல் வீட்டிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். குழந்தையோடு போவதாக இருந்தால் குறைந்தபட்ச வயது என்ன என்று விதிமுறையில் பாருங்கள். பல அரங்கங்களில் அதற்கு வரம்பு உண்டு.

இப்போது, எல்லாம் விற்றுத் தீர்ந்த கச்சேரி. 1965 மே 9 அன்று விளாடிமிர் ஹோரோவிட்ஸ் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கார்னகி ஹாலில் வாசித்தார். அதற்கான டிக்கெட் விற்பனைக்கு முந்தின இரவு முழுதும் நியூயார்க் தெருவில் ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். அவருடைய மனைவி வாண்டா அவர்களுக்குக் காபி கொடுக்க ஏற்பாடு செய்தார் என்பது அந்தக் கச்சேரியோடு சேர்ந்து இன்றும் சொல்லப்படும் செய்தி. இன்று இரவு முழுக்கத் தெருவில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் விடாமல் முயல்பவருக்குக் கிடைக்கும் என்ற விதி மாறவில்லை.

விற்றுத் தீர்ந்தது என்று தளம் சொன்ன பிறகும் மூன்று தடவை டிக்கெட் வெளியே வரும். சந்தாதாரர்கள் தங்களால் வர முடியாத நாளின் டிக்கெட்டை அரங்கத்துக்கே திருப்பிக் கொடுப்பார்கள். இது கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கும். ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் கலைஞரின் விருந்தினர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் என்று ஒதுக்கி வைத்த இருக்கைகளில் தேவைப்படாதவற்றைக் கடைசி இரண்டு மூன்று நாளில் பொது விற்பனைக்கு விடுவார்கள். இவை பெரும்பாலும் நடுப்பகுதியில் உள்ள நல்ல இருக்கைகள். மூன்றாவது, நிகழ்ச்சி அன்று மாலை. அதனால் காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயரைக் கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் காலையும் மாலையும் அரங்கத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

நின்று கேட்கும் இடங்கள் உள்ள அரங்கங்களும் உண்டு. வியன்னாவின் மியூசிக்ஃபெராயினில் தங்க அரங்கின் பின்பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடையில் நடக்கும் புரோம்ஸ் தொடருக்கு, நின்று கேட்கும் டிக்கெட்டுகளை நிகழ்ச்சி நாளிலேயே விற்கிறார்கள். மேடைக்கு முன்னால் தரையில் நின்று, மற்றவர்கள் பெரும் விலை கொடுத்து உட்கார்ந்திருக்கும் தூரத்தைவிட அருகில் கேட்கலாம். கால் வலிக்காத வயதில் அதைச் செய்துவிட வேண்டும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் கச்சேரி அன்று ஒன்றரை மணி நேரம் முன்னதாக அரங்கக் கவுண்ட்டருக்குப் போய், திருப்பிக் கொடுக்கப்பட்ட டிக்கெட்டுக்கான வரிசை எது என்று கேட்டு நில்லுங்கள். தனியாகப் போனால் வாய்ப்பு கூடும். வாசலில் கையில் உபரி டிக்கெட்டோடு வாங்கிய விலைக்கே கொடுக்கத் தயாராக நிற்கும் உண்மையான ரசிகர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். நண்பருக்குக் காய்ச்சல், மனைவிக்கு வேலை என்று ஏதாவது காரணம் இருக்கும். டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருந்தால் மட்டும், கவுண்ட்டரில் அவர் முன்னிலையிலேயே மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.